வசனம் தாமதமாக வருகிறது: தொலைக்காட்சி பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. புதிய 4கே தொலைக்காட்சி வந்ததிலிருந்து நிம்மதியாக ஒரு படம் பார்க்க முடியவில்லை. வசனம் முணுமுணுப்பாகக் கேட்கிறது. ஒலியைக் கூட்டினால் அடுத்த நொடியே பின்னணி இசை வீட்டை அதிரவைக்கிறது. காது சற்று மந்தமான என் அம்மா படம் பார்ப்பதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஐந்து ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கென ஒரு ஸ்பீக்கரும் கொண்ட 5.1 ஒலியமைப்பில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதைத் தொலைக்காட்சியின் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களுக்குள் அடக்கும்போது இசையில் அமுங்கிவிடுகிறது. அதனால் ஒரு சவுண்ட்பாரை (நீளமான தனி ஸ்பீக்கர்), தொலைக்காட்சியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இணைப்பு வழியாக இணைத்தேன். பேச்சு தெளிந்தது, ஆனால் உதடு அசைந்த பிறகே குரல் வருகிறது. அமைப்புகளில் உள்ள ஒலித் தாமத வசதி ஒலியை மேலும் பின்னுக்குத் தள்ளுகிறதே தவிர, முன்னுக்குக் கொண்டுவரவில்லை. இப்படி ஒரு பொருளை எப்படித்தான் விற்கிறார்களோ!

ஒலி வெளியீட்டை, ஒலியைச் சுருக்காமல் அனுப்பும் பி.சி.எம். முறைக்கு மாற்றினால் தாமதம் குறையுமா? ஒலியை ஒளிவழியே அனுப்பும் ஆப்டிகல் கேபிள் கைகொடுக்குமா? இதே சிக்கலைத் தீர்த்தவர்கள் எந்த அமைப்பை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று: திரைப்படங்கள் வழக்கமாக நொடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்களில்) எடுக்கப்படுகின்றன. தொலைக்காட்சி இடையில் தானே சட்டகங்களைச் செருகி, படத்தை நாடகம்போல் வழுக்கவைக்கிறது. இந்த வசதியை அணைத்தாலும், வேறு இணைப்புக்கு மாறியதும் மீண்டும் வந்துவிடுகிறது. எல்லா இணைப்புகளுக்கும் ஒரேயடியாக நிறுத்த வழி உண்டா?