பழைய நார்ட்காப் கயாக்கில் கொந்தளிக்கும் கடலுக்குப் போனவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்புக்காற்று:

பழைய நார்ட்காப் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான கடல் கயாக் படகு) ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா, அலை கொஞ்சம் எழும்பினாலே கவிழ்த்துவிடும் என்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். பதில் எழுத ஆரம்பித்து நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போட்டுவிடுகிறேன், மற்றவர்களும் சொல்லட்டும்.

நான் ஓட்டியது வேல்ஸில், ஆங்கிள்சியை ஒட்டிய ஹோலி தீவுப் பக்கம். படகு 80-களில் வார்த்த ஃபைபர் கிளாஸ், என்னைவிட இரண்டு வயது மூத்தது. கிட்டத்தட்ட 5.5 மீட்டர் நீளம், அகலம் வெறும் 53 செ.மீ., அடிப்பாகம் உருண்டை. முதல் நாள் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீரில் உட்கார்ந்தேன், மடியில் இருந்த பாட்டிலை எடுக்கக் குனிந்ததுக்கே படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இதை வைத்துக்கொண்டா மனிதர்கள் தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் கேப் ஹார்னைச் சுற்றினார்கள் என்றுதான் தோன்றியது.

சுற்றினார்கள்தான். 1975-ல் நார்வே கடலோரமாக நார்ட்காப் முனைக்குப் போன பிரிட்டிஷ் குழுவுக்காக ஃபிராங்க் குட்மேன் வரைந்த படகு இது, பெயரும் அந்த முனையுடையதுதான். 1977-ல் அவரே இன்னும் மூன்று பேரோடு கேப் ஹார்ன் போனார். வாரக்கணக்கில் சாப்பாடு, கூடாரம், துணிமணி எல்லாம் ஏற்றிப் போவதற்கென்று வரைந்தது என்பதைக் கவனியுங்கள். நானோ ஒரு பாட்டிலும் இரண்டு சாண்ட்விச்சும் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். காலி நார்ட்காப் தண்ணீரில் உயர மிதக்கும், ஆட்டம் அதனால்தான் அவ்வளவு.

சரி, கொந்தளிப்புக்கு வருகிறேன். போர்த் தவார்க் கடற்கரையிலிருந்து மேற்கே போனால் பென்ரின் மவுர் முனை. ஓதம் ஏறும்போது அங்கே நீரோட்டம் வடக்கே பாயும், முனையைத் தாண்டும் இடத்தில் ஆற்று வெள்ளம் மாதிரிக் கொந்தளிக்கும். நாங்கள் போன அன்று வடமேற்குக் காற்று அதற்கு எதிராக அடித்தது. காற்றும் ஓட்டமும் மோதினால் அலைகள் நகராமல் ஒரே இடத்தில் செங்குத்தாக எழுந்து எழுந்து விழும். முதல் அலையில் என் அணியம் (படகின் முன்முனை) மேலே ஏறி, பாதிப் படகு அந்தரத்தில் நின்று, பிறகு 'தொப்' என்று விழுந்தது. மேல்தளம் நெடுக ஓடிவந்த தண்ணீர் நெஞ்சில் மோதி சட்டைக் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. மே மாதக் கடல், 10, 11 டிகிரி இருக்கும்.

அப்புறம் பக்கவாட்டிலிருந்து ஒன்று வந்தது. போச்சுடா என்று, கவிழாமல் இருக்கத் துடுப்பைத் தண்ணீரில் தட்டத் தயாரானேன், தட்டவே வேண்டியிருக்கவில்லை. அலை அடியில் நுழைந்து மறுபக்கம் போய்விட்டது, நான் நிமிர்ந்தபடியே இருக்கிறேன். பிறகு யோசித்தால் காரணம் எளிது. தட்டையான அடி உள்ள அகலப் படகு தண்ணீர் எப்படிச் சாய்கிறதோ அதே மாதிரி தானும் சாயப் பார்க்கும், தண்ணீர் மட்டமாக இருக்கிறவரை அது சௌகரியம், அலைச்சரிவில் அதுவே உங்களைக் கவிழ்க்கும். உருண்டை அடிக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. நீங்கள் நிமிர்ந்திருந்தால் அதுவும் நிமிர்ந்திருக்கும். தலையில் குடம் வைத்து நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, இடுப்பு ஆடும், குடம் ஆடாது, அதேதான். முதல் நாள் நான் இடுப்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே பயத்தில் இறுக்கக்கூட நேரமில்லை.

இதைப் படித்துவிட்டு உடனே வாங்கிவிடாதீர்கள், திரும்பி வந்த கதையும் இருக்கிறது. ஓட்டம் தளர்ந்ததும் கிளம்பினோம், இப்போது காற்று முதுகில். என் படகு எச்எம் வகை, பின்முனையில் அடியோடு சேர்த்தே வார்த்த மீனின் துடுப்பு மாதிரி ஒன்று உண்டு. நேராகப் போக அருமை, திருப்பத்தான் வராது. பின்னால் வந்த அலை பின்பக்கத்தைத் தூக்கியது, அணியம் முன்னலையில் குத்தியது, படகு குறுக்கே திரும்ப ஆரம்பித்தது. உடம்பைச் சாய்த்துத் திருப்ப நான் ஒரு நொடி தாமதித்தேன், கவிழ்ந்தேன். உள்ளே இருந்தபடியே படகை நிமிர்த்தும் ரோல் இரண்டு முறை முயன்றும் வரவில்லை, வெளியே வந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

கூட வந்தவர் படகைப் பிடித்துக்கொண்டார். ஆனால் இந்தப் பழைய படகில் உட்காரும் துளை சின்ன வட்டம். பெரிய அலை மேலே விழுந்தாலும் இடுப்பைச் சுற்றித் துளையை மூடுகிற ஸ்பிரே டெக் உள்ளே அமுங்காது என்பது அதன் நன்மை. ஏறுவதற்கு மட்டும், பின்தளத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி ஒன்றாக உள்ளே நுழைக்க வேண்டும், குழாய்ப் பேன்ட் போடுகிற மாதிரி. ஆடுகிற கடலில் இரண்டு தடவை நழுவி விழுந்து மூன்றாம் தடவைதான் உள்ளே போனேன். அதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. தண்ணீரை வெளியேற்ற இருக்கைக்குப் பின்னால் கைநெம்பு பம்ப் உண்டு, ஒரு கை அதற்குப் போய்விட்டால் துடுப்புக்கு ஒரு கைதான் மிச்சம். அவர் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன்.

வடகடல்:

நான் நார்ட்காப் ஓட்டியதில்லை, அதன் தாய் மாதிரியான அனாஸ் அக்யூட்டா என்ற கயாக்கை ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுப் பக்கம் ஓட்டியிருக்கிறேன். 1959-ல் கென் டெய்லர் என்ற ஸ்காட்லாந்து மாணவர் மேற்கு கிரீன்லாந்தின் இக்லோர்சூயிட் கிராமத்திலிருந்து ஒரு கயாக்கைக் கொண்டுவந்தார், அதன் வடிவத்திலிருந்து வந்தது அது. அலையில் நீங்கள் சொன்ன அதே சுகம். என் தொல்லை பக்கக்காற்று. படகு ஓடும்போது முன்பக்கத்தைத் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, பின்பக்கத்துக்கு அந்தப் பிடி இல்லை, காற்று அதை மட்டும் தள்ள, மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பிவிடும். மூன்று மணி நேரம் ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டு இடது தோள் வீங்கியது. மறுநாள் இருக்கைக்குப் பின்னால் 10 லிட்டர் தண்ணீர்ப் பை வைத்தேன், பாதித் தொல்லை போச்சு.

நெய்தல்:

மெல்போர்னிலிருந்து. எனக்கு ஒத்துவரவில்லை, அதையும் யாராவது சொல்ல வேண்டும். பால் கேஃபின் 1981-82-ல் 360 நாளில் ஆஸ்திரேலியாவையே நார்ட்காப்பில் சுற்றினார் என்று கேள்விப்பட்ட ஆசையில் வாங்கினேன். ஆறடி இரண்டங்குல ஆள் நான். அந்த வட்டத்துக்குள் கால் போனால் முழங்கால் அசையாது. கவிழ்ந்தால் வெளியே வருவேனா என்ற பயத்திலேயே கரையை விட்டுத் தள்ளிப் போகவில்லை. எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன். வாங்கினவர் என்னைவிட ஒரு அடி குள்ளம், சந்தோஷமாக ஓட்டுகிறார்.

உப்புக்காற்று:

@நெய்தல், உயரம் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நான் ஐந்தடி ஐந்து. கேட்ட நண்பருக்கு: பார்க்கப் போகும்போது 20 கிலோவுக்குத் தண்ணீர்ப் பைகள் எடுத்துப் போங்கள், முன்னும் பின்னும் பிரித்து வைத்து ஓட்டிப் பாருங்கள். காலியாக ஓட்டிப் பார்த்தால் அன்றே வேண்டாம் என்றுவிடுவீர்கள். சாமான் வைக்கும் அறையின் வாயை மூடும் ஹாட்ச் மூடி ரப்பரை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டிவரும். கரையிலேயே பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். விற்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும்.