பாந்தியன் குவிமாடம்: கட்டுமானம் தெரிந்தவர்கள் விளக்க முடியுமா?

நண்பர்களே, ரோம் நகரத்துப் பாந்தியன் என்ற பழங்காலக் கோயிலின் குவிமாடம் பற்றி ஒரு சந்தேகம். ஹேட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 125 வாக்கில் கட்டி முடித்தது, குறுக்களவு 43 மீட்டர், கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் உலகிலேயே பெரியது இதுதான், நினைத்தாலே சிலிர்க்கிறது! அடியில் கனமான கல் ஜல்லி, மேலே போகப் போக எடை குறைந்த எரிமலை நுரைக்கல், தடிமனும் சுமார் 6 மீட்டரிலிருந்து 1.2 மீட்டராகக் குறைகிறது, அதுவரை சரி, புரிகிறது. ஆனால் உச்சியில் திறந்தே கிடக்கும் அந்த வட்டத் துளையின் விளிம்பு எப்படி உள்ளே சரியாமல் நிற்கிறது? சுற்றியுள்ள வளையம் அழுத்தத்தைத் தாங்குகிறது என்கிறார்கள், அந்த விசை எந்தப் பக்கமாகப் போகிறது என்று யாராவது ஒரு படம் வரைந்து காட்டினால் பெரிய உதவி. அப்புறம், கான்கிரீட் இறுகும்வரை தாங்கிய மரச் சாரம் பற்றித் தமிழில் நல்ல கட்டுரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.