‘அது அந்த ஸ்டேட் சமாச்சாரம்’: எல்லையோரத்தில் மனு கொடுத்தவர்களின் அனுபவங்கள்

கம்பத்திலிருந்து:

குழந்தைகள், குடும்பம் சம்பந்தமாக அரசாங்கத்தின் கதவைத் தட்டிய அனுபவம் உள்ளவர்கள் இங்கே எழுதுங்கள். சாதித்ததுதான் என்றில்லை, அலைந்து திரும்பியதையும் எழுதுங்கள். எல்லையில் இருக்கிற நமக்கு இரண்டு அரசாங்கம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். தேவைப்படும் நேரத்தில் இரண்டுமே இருப்பதில்லை என்பது நமக்குத்தான் தெரியும். நானே ஆரம்பிக்கிறேன்.

கம்பம், தேவாரம், போடி பக்கமெல்லாம் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை என்று கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறவை. உள்ளே நெருக்கி உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். பால்வாடி திறக்கிற நேரத்தில் அம்மா மலைக்கு மேலே ஏலச்செடிகளுக்கு நடுவில் இருப்பாள். கைப்பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்வாள். பாட்டி இல்லாத வீட்டில் ஆறாவது, ஏழாவது படிக்கிற அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அக்கா எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் காரணத்தோடு ஏறாது. ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் இருக்கும்.

ஜீப் கிளம்புகிற ஊர்களில் மட்டுமாவது பால்வாடியைச் சீக்கிரம் திறங்கள் என்று கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். நேரத்தை மாற்றுவது மாநில அளவில் முடிவு செய்ய வேண்டியது, இங்கே எதுவும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. அது நியாயமான பதில்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாநில அளவில் யாரிடம் கேட்பது என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் மேலே கேரளப் பக்கம் போனோம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத் தோட்டத்துக்கும் பொருந்தியது. 50 பெண்கள் வேலை செய்தாலோ, அவர்களுடைய குழந்தைகள் 20 பேர் இருந்தாலோ பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. (இப்போது புதிய தொகுப்புச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.) அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ‘நிங்ஙளுடெ குட்டிகள் தமிழ்நாட்டில் அல்லே?’ (உங்கள் பிள்ளைகள் தமிழ்நாட்டில்தானே?) என்று கேட்டார். ஜீப்பில் வருகிறவர்கள் ஏஜென்ட் மூலமாக வருகிற தினக்கூலிகள். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், அவர்கள் பெயர் இல்லை. பெயர் இல்லாத பெண்ணின் பிள்ளைக்கு, அதுவும் வேறு மாநிலத்தில் தூங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, காப்பகம் எப்படி வரும்?

இதற்கு நடுவில் காலை உணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி 1,545 பள்ளிகளில் இருந்தது, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. எங்கள் மனுவால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜீப்பில் போகிற அம்மாக்களுக்கு அது பெரிய நிம்மதி. இரவு மிஞ்சிய சோற்றைத் தின்றுவிட்டுப் போன பிள்ளைகள் இப்போது பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுகின்றன. ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கதை மட்டும் அப்படியே இருக்கிறது.

---

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

கம்பத்து அண்ணனுக்கு வணக்கமுங்க. எங்களுக்கு வந்தது நேர் எதிரான சிக்கல். நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம், பேசுவதும் படிப்பதும் தமிழ். என் மகள் இங்கேயே அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தாள். அப்புறம் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தாள். உடன் படிக்கிற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, இவளுக்கு இல்லை. காரணம் கேட்டால், 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டுமாம். அரசுப் பள்ளிதான், தமிழ்தான், ஆனால் பெயர்ப்பலகையில் இருப்பது கேரள அரசு.

தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போனோம். அவருடைய உதவியாளர் முதலில் கேட்டது, ‘உங்க ஓட்டு எந்தத் தொகுதி?’ சித்தூர் என்றேன். ‘அப்ப அங்கதாங்க கேக்கணும்.’ சரி என்று இங்கே வந்து கேட்டால், திட்டம் அவங்களோடது, நாங்கள் என்ன சொல்ல முடியும் என்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் எரிச்சல்.

நான் கவனித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான். 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில், உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். ஆக, விதி கல்லில் வெட்டியது இல்லை. ‘அண்டை மாநில அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும்’ என்று இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும். கேட்பதற்கு ஆள் இல்லாததால்தான் அது சேரவில்லை என்பது என் எண்ணம்.

---

பீருமேட்டிலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950க்கு முன்னால் உங்கள் குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா என்பார்கள். ஆதாரம் என்றால் பத்திரமா? நம் தாத்தாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் உண்டா? கங்காணி கூட்டி வந்தான், லயத்தில் போட்டான், அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்குப் போனால், நீங்கள் அங்கே பிறந்தவர்கள் என்கிறார்கள். ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினருக்கு இன்னொரு மாநிலத்தில் அந்தத் தகுதி தானாகச் செல்லாது என்று 1990லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதனால் பிள்ளைக்குப் படிப்பு உதவித்தொகை நின்றுபோகிறது. நாங்கள் கேட்பது, எஸ்டேட்டின் பழைய செக்ரோலையும் சர்ச், கோயில் பதிவுகளையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள், தாசில்தார் நேரில் வந்து விசாரித்துக் கொடுக்கட்டும் என்பதுதான். சில எஸ்டேட்டில் பழைய ரெக்கார்டைக் கறையான் தின்றுவிட்டது, அது வேறு கதை.

---

பள்ளிப்பட்டிலிருந்து:

கம்பம் அண்ணா, எனக்குக் கொஞ்சம் நல்ல அனுபவம் இருக்கிறது, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் தறி ஓடுகிற ஊர்கள். பொதட்டூர்பேட்டையில் வேலை குறைந்தால் நகரி, புத்தூர் போவார்கள், அங்கே குறைந்தால் இங்கே வருவார்கள். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஆந்திராவில். 2020 ஜனவரியில் ஆந்திராவின் சித்தூரில் வைத்து அம்மா வொடி திட்டம் தொடங்கியபோது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற அம்மாவுக்கு வருஷம் 15,000 ரூபாய் என்றதும் இங்கே உள்ள பெண்கள் வாயைப் பிளந்தார்கள். இப்போது இங்கே மகளிர் உரிமைத் தொகை வருகிறது, அங்கே இருப்பவர்கள் அதைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

அதை விடுங்கள். வருஷ நடுவில் நகரியிலிருந்து திரும்பி வரும் பிள்ளைகளைச் சேர்ப்பதில்தான் பெரிய பாடு. அங்கே கொடுத்த டி.சி.யில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் இல்லை, போய் வாங்கி வாருங்கள் என்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பினார்கள். தறியை விட்டுவிட்டு அப்பா அங்கே போவார், அதிகாரி மீட்டிங்கில் இருப்பார். அதற்குள் பையன் பாவு சுற்றப் பழகிவிடுவான். ஒருமுறை கையில் காசு பார்த்துவிட்டால் திரும்பப் பள்ளிக்கு இழுப்பது லேசு இல்லை.

நாங்கள் முதலில் எல்லாரையும் போலத்தான் எழுதினோம்: ஏழை, நெசவாளி, கருணை காட்டுங்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சட்டம் படித்த ஒரு தங்கை கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துக் காட்டினாள். 2009இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 5ஆம் பிரிவு: மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் உரிமை பிள்ளைக்கு உண்டு. டி.சி. தரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. ‘மாநிலத்துக்கு வெளியிலோ’ என்று நம்மை நினைத்தே எழுதியது போல இருக்கிறது! 4ஆம் பிரிவில், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. தெலுங்கு மீடியத்திலிருந்து வந்து தமிழில் திணறுகிற பிள்ளைக்கு இது உயிர்.

இரண்டு பிரிவையும் மனுவின் தலையில் போட்டோம். கருணை என்ற வார்த்தையையே எடுத்துவிட்டோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாகவும் போடவைத்தோம். பிறகு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிகளுக்கு வாய்மொழியாகச் சொன்னார்கள், முதலில் சேருங்கள், காகிதம் பிறகு வரட்டும் என்று. எழுத்தில் தரவில்லை. வேறு தலைமையாசிரியர் வந்தால் மறுபடி முதலிலிருந்து. மாநிலம் முழுக்க ஒரு சுற்றறிக்கை வேண்டும் என்று குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதியிருக்கிறோம். கல்வி உரிமைச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது 31ஆம் பிரிவின்படி அவர்கள் வேலை.

---

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

அக்கா, இந்த மனு, தீர்மானம் எல்லாம் எத்தனை காலத்துக்குங்க? நேராகக் கோர்ட்டுக்குப் போனால் என்ன?

---

செங்கோட்டையிலிருந்து:

கோர்ட் கடைசிக் கதவு தம்பி. வழக்குப் போட்டுவிட்டால், ‘விவகாரம் நீதிமன்றத்தில் இருக்கிறது’ என்று மற்ற எல்லாரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். அதற்கு முன்னால் சட்டமன்ற மனுக்கள் குழு இருக்கிறது. பலருக்குத் தெரியாது. அந்தக் குழு மாவட்டத்துக்கு வருவதற்கு முன்னால் பேப்பரில் அறிவிப்பு வரும். பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, வேலை, பட்டா, கோர்ட்டில் உள்ள விஷயம் எடுக்க மாட்டார்கள். முக்கியமாக, ஒரு மனுவில் ஒரு பிரச்சினைதான், அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

கம்பத்துக்காரர் எழுதியதைப் படித்தேன். பால்வாடி நேரமும் தோட்டத்துக் காப்பகமும் ஒரே மனுவில் இருந்தால் அது எந்த மேஜையிலும் நிற்காது. பால்வாடி நேரம் இங்கே சமூக நலத்துறை. காப்பகம் அங்கே தொழிலாளர் துறை. இரண்டாகப் பிரியுங்கள். புதுமைப் பெண்ணும் சமூக நலத்துறைதான் என்றாலும் அது தனி மனு. கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு இங்கே ஓட்டு இல்லாவிட்டால் என்ன, பொள்ளாச்சிப் பக்கம் பெண் கொடுத்த உறவு இருக்குமே, அவர்கள் கையெழுத்துப் போடட்டும்.

---

கம்பத்திலிருந்து:

செங்கோட்டை அண்ணாச்சி சொன்னது உறைத்தது. எங்கள் மனுவில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் எழுதியிருந்தோம். பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டோம். பள்ளிப்பட்டு அக்கா, உங்கள் கிராம சபைத் தீர்மானத்தின் நகலை அனுப்ப முடியுமா? வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க.

இன்னொன்று. பால்வாடி மனுவுக்கு ஒரு கணக்கு வேண்டும்: ஜீப்பில் போகிற அம்மாக்கள் எத்தனை பேர், அதில் ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று. கம்பத்தில் ஜீப் ஸ்டாண்டில் நின்று நாங்களே எடுத்துவிடுவோம். தேவாரம், கோம்பை, போடியில் காலை நான்கு மணிக்கு எழுந்திரிக்கத் தயாராக உள்ளவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஏஜென்ட்கள் முறைப்பார்கள், இரண்டு பேராக நிற்பது நல்லது.