கச்சான் காற்று வீசும் வறட்சிக் காலத்தில், மாட்டுத் தீவனத்துக்கு வைக்கலை யூரியா போட்டுப் பதப்படுத்துவது எப்படி?

கேள்வி (செங்கலடி, மட்டக்களப்பு): சிறுபோக வைக்கல் இருக்கு, புல் இல்லை. மாடுகள் எலும்பும் தோலுமாகின்றன. யுத்தத்தில் பட்டியை இழந்து, திரும்ப ஐந்தாறு மாட்டோடு தொடங்கிய குடும்பங்களுக்கு ஒரு மாடு செத்தாலும் தாங்காது. யூரியா அளவு என்ன, ஆபத்து உண்டா?

பதில் 1: 100 கிலோ காய்ந்த வைக்கலுக்கு யூரியா 4 கிலோ, தண்ணீர் 50-60 லீற்றர். யூரியா ஒரு மணிகூட மிஞ்சாமல் கரையவேண்டும், கட்டியாகக் கிடந்தால் அதைத் தின்னும் மாடு நஞ்சேறிச் சாகும். வைக்கலைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, பூவாளியால் தெளித்து, நன்றாக மிதித்து இறுக்கிப் பொலித்தீனால் மூடி, ஓரமெல்லாம் மண் போட்டு அடையுங்கள். 21 நாள் திறக்கவே கூடாது. காகம் கொத்திய ஒரு ஓட்டை போதும், யூரியாவிலிருந்து உருவாகும் அமோனியா வாயு வெளியேறி அந்த இடம் பூஞ்சணம் பிடிக்கும். பூத்ததை எறியுங்கள்.

பதில் 2: சரியாக வந்தது மஞ்சள் கபிலமாக, மென்மையாக, கண்ணில் எரிவு வரும் மணத்தோடு இருக்கும். எடுத்து ஒரு மணித்தியாலமாவது காற்றாட விட்டுப் போடுங்கள். முதல் வாரம் சாதா வைக்கலோடு கலந்து. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். கரைத்த வாளியை மாடு நக்க விடாதீர்கள், அதிலும் சாவு வரும். வயிறு ஊதி, நுரை தள்ளி, நடுங்கினால் உடனே மிருக வைத்தியர்.

பதில் 3: அயர்லாந்து இறைச்சி மாட்டுக்காரரும் குளிர்காலத்துக்குப் புல்லை இப்படித்தான் காற்றுப் புகாமல் மூடி வைக்கிறார்கள். அங்கே யூரியா இல்லை, புல் தானே புளிக்கும். நம் வைக்கலில் சீனி குறைவு, அது அப்படிப் புளிக்காது; யூரியாவிலிருந்து வரும் அமோனியாதான் நாரை இளக்கி, புரதச் சத்தையும் கூட்டும்.