81 நாள் குளிரை எண்ணும் சீனப் படம்: அச்சுக்கு எப்படி அமைப்பது?

கோட்டோவியம் (கேள்வி):
வடசீனாவில் ‘சியூசியூ சியாவ்ஹான் து’ என்றொரு வழக்கம் உண்டு. குளிர்காலக் கதிர்த்திருப்பத்தன்று (ஆண்டின் மிகக் குறுகிய பகல்), வண்ணம் தீட்டாத 81 இதழ் கொண்ட பிளம் கிளையைச் சுவரில் மாட்டி, தினம் ஒரு இதழைச் சிவப்பாக்குவார்கள். எல்லாம் சிவந்தால் குளிர் தீர்ந்தது என்று கணக்கு. 2026 டிசம்பரில் தொடங்கும்படி ஏ3 தாளில் அச்சிட வேண்டும். பிளம் பூவுக்கு ஐந்து இதழ்தானே? அப்படி வரைந்தால் 81 வரவில்லை. தொடக்கத் தேதி டிசம்பர் 21 என்று போட்டிருக்கிறேன். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பிறைக்கணக்கு:
முதலில் தேதியை மாற்றுங்கள். அந்த ஆண்டு கதிர்த்திருப்பம் கிரீன்விச் நேரப்படி டிசம்பர் 21 இரவு 8.50. பெய்ஜிங்கில் அப்போது 22ஆம் தேதி விடியற்காலை 4.50. சீன நாள்காட்டி பெய்ஜிங் நேரத்தில்தான் நாளைப் பிரிக்கும். ஆகவே முதல் நாள் டிசம்பர் 22, 81ஆம் நாள் 2027 மார்ச் 12. கதிர்த்திருப்ப நாளையே ஒன்று என்று எண்ண வேண்டும், மறுநாளை அல்ல. 2025இல் இரண்டு நேரப்படியும் 21தான். போன ஆண்டு ஃபைலில் ஆண்டை மட்டும் மாற்றினால் இங்கேதான் தப்பும்.

மைத்தட்டு:
ஐந்து இதழ் வேண்டவே வேண்டாம். 16 பூ போட்டாலும் 80தான், ஓர் இதழ் அநாதையாக நிற்கும். 1635இல் பெய்ஜிங்கைப் பற்றி வந்த நூலிலேயே 81 இதழ் என்றுதான் இருக்கிறது. ஒன்பது பூ, பூவுக்கு ஒன்பது இதழ். செடியியல்படி பிழைதான், ஆனால் ஒரு பூ நிறைந்தால் ஒரு ‘ஒன்பது’, அதாவது ஒன்பது நாள், முடிந்தது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த அமைப்பு.

சிங் அரசமரபின் அரண்மனையில் எழுத்து வடிவம் ஒன்றும் இருந்தது: ‘திங் சியன் சுய் லியூ ஜென் ஜோங் தாய் சுன் ஃபெங்’. மண்டபத்து முன் தொங்கும் வில்லோ வசந்தக் காற்றுக்குக் காத்திருக்கிறது என்று பொருள். ஒன்பது எழுத்து, எழுத்துக்கு ஒன்பது கோடு, தினம் ஒரு கோடு நிரப்ப வேண்டும். கணினி எழுத்துருவை அப்படியே போட்டால் கணக்கு உடைந்துவிடும். எளிமையாக்கிய ‘ஃபெங்’குக்கு நாலே கோடு, பழைய வடிவத்துக்குத்தான் ஒன்பது. ‘சுய்’ இன்றைய எழுத்துருவில் எட்டு வரும், ஒன்பது வரும் கையெழுத்து வடிவத்தைப் பார்த்துத் தடம் எடுங்கள். எழுத்து 80 மி.மீ. சதுரம், உள்ளே வெறுமையான கோட்டின் அகலம் 6 முதல் 8 மி.மீ. அதற்குக் குறைந்தால் தூரிகை வெளியே வழியும். சீனம் எழுதத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் 1 முதல் 9 வரை பொடி எண் இடுங்கள். வரிசை மேலிருந்து கீழ், இடமிருந்து வலம்.

தாள் ஆர்ட் பேப்பர் கூடாது, மேல்பூச்சு நீர்வண்ணத்தை உள்ளே விடாது. 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் போதும். மாதிரியைச் சாய மை இன்க்ஜெட்டில் எடுக்காதீர்கள். ஈரம் பட்டதும் வரிக்கோடு கரைந்து சிவப்பில் கலக்கும். லேசர் அல்லது ஆஃப்செட் என்றால் நிற்கும்.

கோட்டோவியம்:
நன்றி, தேதியைத் திருத்திவிட்டேன். நாற்பது இதழை முன்கூட்டியே சிவப்பாக அச்சிட்டால் பார்க்க அழகாக இருக்கும் என்கிறார் வாடிக்கையாளர். செய்யலாமா?

மைத்தட்டு:
தயவுசெய்து வேண்டாம். நிரப்பிக் கொடுத்தால் அது வெறும் சுவர்ப்படம். இந்த வழக்கத்தின் உயிரே தினமும் தாளருகே போய் நிற்பதில் இருக்கிறது. அழகு வேண்டுமென்றால் கிளையை முழுமையாகத் தீட்டிக் கொடுங்கள், இதழைத் தொடாதீர்கள்.

பிறைக்கணக்கு:
பின்பக்கம் காலியென்றால் பழைய சீனக் காசு வடிவத்தையும் போடலாம். 9 வரிசை, வரிசைக்கு 9 வட்டம்; விட்டம் 24 மி.மீ., மையத்துக்கு மையம் 28. ஏ3 அகலத்தில் சரியாக உட்காரும். நடுவில் சதுரத் துளை. வண்ணம் நிரப்பும் இடம் அன்றைய வானிலைக்கேற்ப மாறும்: மேகமூட்டம் மேலே, வெயில் கீழே, காற்று இடம், மழை வலம், பனி நடுவில். 81 நாளில் ஒரு குளிர்காலப் பதிவேடே கையில் இருக்கும். துளையை 7 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள், பனி நாளில் புள்ளி வைக்க இடமிருக்காது.

ஓரத்தில் ‘மூன்றாம் நான்காம் ஒன்பதில் பனிக்கட்டி மேல் நட’ என்ற நாட்டுப்பாட்டைச் சேர்ப்பதாயிருந்தால், அது பெய்ஜிங் பக்கத்துக் குளிருக்குப் பொருந்தும். தெற்கே வெப்பமான குவாங்டோங்குக்கு அனுப்பும் பிரதிகளில் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.