மறு: ஆர்ட் ஜுவல்லரிக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். கலை மாணவர்களுக்கான பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். ஆர்ட் ஜுவல்லரியில் வந்து நிற்கிறேன். செல்வத்தையும் அந்தஸ்தையும் காட்ட அணிவதல்ல, அவற்றையே கேள்வி கேட்கும் நகை. சுவிஸ் நகைக் கலைஞர் ஓட்டோ குன்ஸ்லி 1980இல் செய்த வளையலைப் பாருங்கள். கறுப்பு ரப்பர் குழாய், உள்ளே ஒரு தங்க உருண்டை. வெளியே தெரிவது புடைப்பு மட்டும். ரப்பர் தேய்ந்தால்தான் தங்கம் கண்ணில் படும். பெயர், 'தங்கம் குருடாக்கும்'. 'கலைநகை' போதுமா?

> 'கலைநகை' போதுமா?

போதாது. பொற்கொல்லர் செய்யும் அட்டிகையும் கலைதானே? 'நகை'க்குச் சிரிப்பு என்றும் பொருள். நகை பிறக்கும் இடம் நான்கில் தொல்காப்பியர் முதலில் வைப்பது எள்ளலை. பணத்தை எள்ளுவதால் 'எள்நகை' எனலாம்.

> 'எள்நகை' எனலாம்

ஐயா, வெள் + நகை வெண்ணகை ஆவதுபோல் இது எண்ணகை ஆகும். படிப்பவர் எண்கணிதம் என்று நினைப்பார். புணர்த்தாமல் விட்டால் எண்ணெய் வித்து. என் பரிந்துரை 'பொருளணி'. பொருள் என்றால் செல்வம், அர்த்தம், செய்பொருள் மூன்றும் வந்துவிடும்.

அப்புறம், அந்த வளையல் எனக்குக் கண்ணகியின் சிலம்பை நினைவூட்டுகிறது. அதிலும் மதிப்பு உள்ளே மறைந்திருந்தது. உடைத்த பிறகுதான் முத்தா மாணிக்கமா என்று தெரிந்தது.

> என் பரிந்துரை 'பொருளணி'

அழகான சொல்தான். ஆனால் சொல்லணி, பொருளணி என்று இலக்கணத்தில் ஏற்கெனவே குடியேறிவிட்டதே! உவமையும் உருவகமும் படித்த மாணவர் குழம்ப மாட்டாரா? சிலம்பை இன்னொரு இழையில் பேசலாம். வெள்ளிக்கிழமைக்கு எளிய சொல் போதும். என் வாக்கு 'கலைநகை'.

நானும் அதற்கே.

சரி, பெரும்பாலோர் சொல்வதால் 'கலைநகை' என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

> 'கலைநகை' என்றே அனுப்புகிறேன்

அனுப்புங்கள். எனக்கு உடன்பாடில்லை என்பதும் பதிவில் இருக்கட்டும். டச்சு நகை வடிவமைப்பாளர் கெய்ஸ் பாக்கர் 1973இல் தங்கக் கம்பியை உடம்பில் இறுகக் கட்டி, கழற்றிய பின் தோலில் பதிந்த தடத்தையே ஆபரணம் என்றார். தங்கம் போய்விட்டது, தடம்தான் மிச்சம். அதை நகை என்று எப்படிச் சொல்வீர்கள்? அணி என்றால் அதற்கும் இடமுண்டு. அடுத்த பதிப்பிலாவது 'கலையணி'யைப் பரிசீலியுங்கள்.