பெரியப்பாவுக்கு வந்தது பீடியாலயா, கப்பல் பஞ்சாலயா?

அம்மாபேட்டை குமரன்:
எங்க பெரியப்பாவுக்கு 2023ல நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சுன்னு ஒன்றரை லிட்டர் எடுத்தாங்க, டிபின்னு ஆறு மாசம் மாத்திரை குடுத்தாங்க, திரும்பத் திரும்ப கோத்துச்சு, கடைசியா பயாப்ஸி பண்ணா மீசோதீலியோமா. நுரையீரல சுத்தி இருக்குற உறையில வர்ற கேன்சராம். டாக்டர் மொதல்ல கேட்டதே "கல்நார், அதான் ஆஸ்பெஸ்டாஸ், அந்த வேலை பாத்தீங்களா"ன்னு தான். 1979ல இருந்து 91 வரைக்கும் விசாகப்பட்டினத்துல ஒரு கப்பல் யார்டுல லேக்கிங் வேலை. சூடு வெளிய போகாம இருக்க இன்ஜின் ரூம் பைப்புக்கு கல்நார் பஞ்சு சுத்தணும், கல்நார் பவுடர டிரம்முல கொட்டி தண்ணி ஊத்தி வெறுங்கையால பெசஞ்சு பூசணும். மூக்குல கட்டுற துண்டு கூட இவரு சொந்தத் துண்டு. வீட்ல பாதிப்பேரு பீடியால வந்ததுங்கறாங்க. யார்டு மேல கேஸ் போடணும்ங்கறேன் நான். என்ன சொல்றீங்க?

லீபஜார் மணி:
தம்பி, கேக்கவே கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா வெளிய வந்து 32 வருஷம் கழிச்சு வந்த நோய்க்கு யார்ட எப்படி பிடிப்பீங்க? நடுவுல எத்தன புகை, எத்தன தூசி, ஒரு கட்டு பீடி வேற. நான் 22 வருஷமா கல்நார் சிமெண்ட் ஷீட்டு விக்கிறவன், முன்னாடியே சொல்லிடறேன். நம்மூரு தறிக்கூடம் பாதி ஷீட்டுக்கு அடியில தான ஓடுது, எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க.

ஏற்காட்டு அக்கா:
மணி தம்பி, 30 வருஷம் நர்ஸா இருந்தவ சொல்றேன். பீடிக்கும் மீசோதீலியோமாவுக்கும் சம்பந்தமே இல்ல. பீடியும் கல்நாரும் சேந்தா நுரையீரல் கேன்சர் பல மடங்கு ஏறும், அது வேற கேன்சர். இது தூசி உள்ள போனதுல இருந்து 20, 30, 40 வருஷம் கழிச்சுத் தான் தலைகாட்டும். அதனால 32 வருஷம்ங்கறது யார்டுக்கு சாதகமான கணக்கு இல்ல, அதுதான் இந்த நோயோட கணக்கே. ஷீட்டுல இருக்குற நார் சிமெண்டுக்குள்ள கெட்டியா இருக்கு, சும்மா கெடந்தா பெருசா பறக்காது. அறுத்தாலும் ஓட்டை போட்டாலும் பறக்கும். உங்க கடைப்பையன் கட்டர் போடறப்ப மூக்குல என்ன கட்டறான்?

லீபஜார் மணி:
கடைய ஏங்க்கா இழுக்கறீங்க. கல்நார்ல ரகம் இருக்கு, ஷீட்டுல வர்றது வெள்ளை, கப்பல்ல போட்டது பழுப்பும் நீலமும், அதுதான் ரொம்ப மோசம்.

ஏற்காட்டு அக்கா:
மீசோதீலியோமாவுக்கு நீலமும் பழுப்பும் கூடுதல் மோசம், சரி. ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் அமைப்பு வெள்ளையையும் சேத்துத் தான் முதல் குரூப்புல, அதாவது மனுஷனுக்கு கேன்சர் உண்டாக்கும்னு உறுதியான லிஸ்ட்டுல, வெச்சிருக்கு.

பழைய ஃபிட்டர்:
நானும் ரிப்பேர் யார்டுல மூணு வருஷம் இருந்தவன்ங்க. புதுசா சுத்துறது கூட பரவால்ல, பழச பிரிக்கறது தான் கொடுமை. காஞ்சு போன லேக்கிங்க சுத்தியால தட்டுவோம், ஏற்காட்டு வளைவுல பனி எறங்குன மாதிரி எதிர்ல நிக்கிறவன் தெரிய மாட்டான், ஹேண்ட் லேம்ப் வெளிச்சத்துல சின்ன சின்னதா மினுமினுன்னு மெதக்கும். லேக்கர் மட்டும் இல்ல, பக்கத்துல வெல்டிங் அடிக்கறவன், வயர் இழுக்கறவன் எல்லாருக்கும் அதே காத்து தான். அடியில அவ்ளோ பெரிய ரூம்ல ஒரே ஒரு ஃபேன்.

லீபஜார் மணி:
அண்ணா சொல்றத இல்லைன்னு சொல்லல. ஆனா கப்பல்ல கல்நார் புதுசா போடக்கூடாதுன்னு உலக விதி வந்ததே 2002ல, முழுசா நிறுத்துனது 2011ல. 1979ல தடையே இல்லாதப்ப யார்டு மேல என்ன தப்பு?

அம்மாபேட்டை குமரன்:
தடை இல்லைங்கறதும் தெரியாதுங்கறதும் ஒண்ணாங்ணா? தென்னாப்பிரிக்காவுல 33 மீசோதீலியோமா கேஸ வெச்சு வாக்னர்ங்கற டாக்டர் எழுதுனது 1960ல. பெரியப்பா வேலைக்கு சேந்தப்ப அதுக்கு வயசு 19.

லீபஜார் மணி:
சரி தம்பி, தெரிஞ்சே செஞ்சாங்கன்னே வெச்சுக்கலாம். 1995 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல தொழிலாளி ரெக்கார்ட வேலைக்கு சேந்து 40 வருஷம், இல்ல நின்னு 15 வருஷம், எது பிந்துதோ அதுவரைக்கும் வெக்கணும்னு இருக்கு. அது ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைக்கு சொன்னது, யார்டுக்கு பொருந்தாதுன்னு மொதல்ல வாதாடுவாங்க. பொருந்துனாலும் 79ல சேந்தவருக்கு 2019ல முடிஞ்சு போச்சு. நோய் தெரிஞ்சது 2023ல.

பழைய ஃபிட்டர்:
அடப்பாவிகளா, நோய் வர்றதுக்குள்ள பேப்பர் காலாவதியா.

அம்மாபேட்டை குமரன்:
அதான் யார்டுக்கு லெட்டர் போட்டதுக்கு "எங்க ரோல்ல அந்தப் பேரு இல்ல"ன்னு ஒரு வரி பதில். காண்ட்ராக்ட்காரரும் செத்துட்டாரு. ஆனா டிரங்குப் பெட்டியில 1984 கேட் பாஸ் ஒண்ணு கெடச்சிருக்கு, பெரியப்பா மீசையோட ஃபோட்டோ, "லேக்கர்"னு எழுதி யார்டு சீல்.

ஏற்காட்டு அக்கா:
குமரா, அவரு லீவுக்கு வர்றப்ப வேலைச் சட்டைய யாரு தொவைச்சாங்க?

அம்மாபேட்டை குமரன்:
பெரியம்மா தான்க்கா. ஆடிப் பண்டிகைக்கு வர்றப்ப மூட்டையா கொண்டாந்து போடுவாராம், உதறுனா வெள்ளையா கொட்டும்னு இப்பவும் சிரிச்சுக்கிட்டே சொல்லும்.

ஏற்காட்டு அக்கா:
கேஸ் அப்புறம். இந்த வாரமே அவங்களுக்கு ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடு. தொவைச்ச பொம்பளைங்களுக்கும் இதே நோய் வந்திருக்கு, சட்டை வெள்ளையா கொட்டுச்சுன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு.

லீபஜார் மணி:
ஷீட்டு விஷயத்துல நான் சொன்னது சொன்னது தான், ஆனா அந்த கேட் பாஸ லேமினேஷன் மட்டும் பண்ணிடாத தம்பி, சீல் அழிஞ்சிரும். வக்கீல் கேட்டா ஜெராக்ஸ குடு.